படிவத்தில் சுகமாக இருப்பவர்

தம்பி,

நேற்று மதியம் நீ அனுப்பிய குறுஞ்செய்திக்கு நான் ஒரு கட்டைவிரல் படத்தைக்கூடப் பதிலாக அனுப்பவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. "அம்மா, மாமாவின்ர இன்சூரன்ஸ் ஃபோம் நிரப்புறன். ஹெல்த் கேள்வி எல்லாத்துக்கும் நோ எண்டு போடுறன், ஓகே? அம்மப்பாவுக்கு நீங்களும் அப்பிடித்தானே செய்தனீங்கள்?" என்று கேட்டிருந்தாய். ஓம், அப்படித்தான் செய்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைக் கைபேசியில் எழுத முடியவில்லை. நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். இதுவும் மெதுவாக வாசிக்க வேண்டிய விசயம்தான். கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். மரக்கறி வாங்க வருகிறவர்கள் அதை எடுத்துப்போய் மீன் வெட்டும்போது கீழே விரிப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும், கத்தியை எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் கண்ணில் இது படலாம். அவரும் இதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

உன் மாமனாரை எனக்குப் பிடிக்கும். வவுனியாவில் இரும்புக் கடை வைத்திருக்கிற மனிதர். உங்கள் கலியாணத்தன்று மண்டபத்துப் படிகளில் ஏறும்போது இரண்டு தரம் நின்று, சுவரில் இருந்த படத்தை ரசிப்பதுபோல மூச்சு வாங்கினார். அது தீயணைக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டும் படம். இரத்தக் குழாய் அடைப்புக்கு அவருடைய நெஞ்சில் இரண்டு ஸ்ரென்ற் வைத்திருப்பதை, அவருடைய மகள் துளசி உங்கள் கலியாணம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள், அதுவும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு. அவளைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு நோய் என்பது தோட்டக் காணி மாதிரி. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது. இப்போது துளசிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, அதற்கு முன் தன் அப்பா ஸ்ரௌவ்விலில் உங்கள் வீட்டில் வந்து நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். நியாயமான ஆசை. என் அப்பாவை நான் கூப்பிட்டபோதும் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

கனடாவுக்குச் சூப்பர் விசாவில் பெற்றோரைக் கூப்பிடுவதானால் ஒரு வருடத்துக்காவது, ஒரு லட்சம் டொலருக்காவது தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்பது அரசாங்கம். அந்தக் காப்புறுதிக்கென ஒரு கேள்விப் படிவம் உண்டு. அதைக் கேட்பது நிறுவனம். இரண்டு பேரும் கேட்பது ஒன்றல்ல என்பதை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு கடதாசி போதும். நிறுவனத்துக்கு ஒரு மனிதர் வேண்டும். நான் கடதாசியை நிரப்புவதாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதரைச் செய்துவிட்டேன்.

செய்த இடம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடி. அங்கே வரதன் அண்ணை என்ற காப்புறுதி முகவர் கந்தோர் வைத்திருந்தார். வீட்டுக் கடன், விமான ரிக்கெற், செத்தவீட்டுக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் ஒரே மேசை. நீ அப்போது வோட்டர்லூவில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா பிறம்ரனிலிருந்து லொறி ஓடிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டில் இருப்பார். ஆகவே நான் தனியாகத்தான் போனேன். கீழே கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வரதன் அண்ணை பேனையைத் திறந்தார்.

"பிள்ளை, அப்பாவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

"சீனி வருத்தம் இருக்கு, அண்ணை. பிறசரும் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முதல் நெஞ்சுக்க வந்து பெரியாஸ்பத்திரியில எட்டு நாள் கிடந்தவர்."

அவர் பேனையை மூடி வைத்தார். "நான் கேட்டது வேற. இந்த ஃபோமில இருக்கிற அப்பாவுக்கு வருத்தம் இல்லைத்தானே?"

"ஃபோமில இருக்கிறவருக்கோ?"

"ஓம். விசா அவருக்குத்தானே. மற்றவர் தன்ர பாட்டுக்கு மருந்தைக் குடிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

"பிடிபட்டால்?"

"ஆர் பிடிக்கிறது? ஆள் சுகமாய் வந்து சுகமாய்ப் போனால் ஒருத்தரும் ஃபைலைத் திறக்க மாட்டினம். என்ர மாமிக்கும் இப்பிடித்தான் போட்டனான். மாமி இப்ப ஊரில மரம் ஏறுறா."

"ஏறுறாவோ?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னன், பிள்ளை."

இருக்கும் நோயையும் சேர்த்துக் காப்பு எடுக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. விலை கூட, ஊர் டொக்டரின் கடிதம் வேண்டும், ஒரு மாதம் இழுக்கும் என்றார். எனக்கு விலை பெரிய தடையாக இருக்கவில்லை. நான் ரிக்கெற்றை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். ஒரு மாதம் பொறுப்பதற்குச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான். பதினொரு கேள்விகள். நாலாவது, நெஞ்சு நோய்க்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா என்பது. பதினொன்றுக்கும் 'இல்லை' என்று குறியிட்டுக் கையெழுத்து வைத்தேன். கீழே ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டுக்குக் கொத்தத் தொடங்கினார்கள்.

இந்த விசயத்தில் என் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து பிரதம எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவர். மனிதர்கள் வருவார்கள், போவார்கள், கடதாசிக் கோவைதான் நிலைக்கும் என்று நம்பியவர். ஒருமுறை ஓய்வூதியம் நின்றுபோன ஒருவர் நேரிலேயே வந்து அவர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார். அப்பா கோவையைப் பார்த்துவிட்டு, "இதின்படி நீர் போன வைகாசியில காலமாகீட்டீர்" என்று மரியாதையாகச் சொல்லி, உயிர்வாழ் சான்றிதழ் கொண்டுவரும்படி அனுப்பியிருக்கிறார். வந்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாராம். அப்பா இதை நகைச்சுவையாகச் சொல்வதில்லை. வேலையைச் சரியாகச் செய்த ஒரு நாளாகத்தான் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான் தொலைபேசியில் பாடம் எடுத்தேன். "ஆர் கேட்டாலும் வருத்தம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ." அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை. எழுத்தில் அப்படி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். புரட்டாதியில் விமானத்திலிருந்து இறங்கி வந்தபோது அவருடைய மருந்துக் குளிசைகளெல்லாம் மாரி பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் இருந்தன. போத்தல்களில் மருந்தின் பெயர் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்திருந்தார். காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் மடிக்காமல் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வந்த அன்றே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். அதில் அவருடைய பெயரும் பிறந்த திகதியும் இருந்தன. நோய் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

முதலில் அது பகிடிபோலத்தான் இருந்தது. சோற்றைக் குறைத்துப் போட்டால், கதவில் இருந்த பத்திரத்தைக் காட்டி, "அவருக்குச் சீனி இல்லை, வடிவாய்ப் போடு" என்பார். நானும் சிரித்துக்கொண்டு போடுவேன். குளிசை போட்டீர்களா என்று கேட்டால் ஓம் என்பார். அந்த ஓமை நான் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. தை மாதம் வந்தபோது கால்கள் வீங்கிவிட்டன. காலுறைக்குள்ளேயே கால் போகவில்லை. பனிக்கென்று வாங்கிக் கொடுத்த பூட்ஸைத் தொடவே முடியாது. அந்த மாதத்தில் ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், பூட்ஸ் நனைந்து கிடக்கிறது. அடியில் ஒட்டியிருந்த பனி கரைந்து, தெருவில் பனிக்குப் போடும் உப்போடு வாசல் பாயைச் சுற்றி ஓடியிருந்தது. அப்பா கட்டிலில் படுத்திருந்தார்.

"அப்பா, வெளியில போனனீங்களோ?"

"நானோ? இந்தக் காலோடையோ?"

"பின்ன பூட்ஸ் நனைஞ்சு கிடக்கு."

"அவர் போட்டுக்கொண்டு போனவராக்கும்."

"ஆர்?"

அவர் படுத்தபடியே குசினிப் பக்கம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பத்திரத்தை நோக்கிக் கையைக் காட்டினார். "உதில இருக்கிறவர்."

நான் பாயை எடுத்துக் காயப் போட்டேன். வேறென்ன செய்வது? அடுத்த கிழமை, எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாவில் கடை வைத்திருக்கும் ரவூப் நானாவிடம் பால் வாங்கப் போனேன். கல்முனைக்காரர், எல்லாருடைய பெற்றோரையும் விசாரிக்கிற மனிதர். "உங்கட வாப்பா நேத்தும் வந்தாரு. சீனி கூடப் போட்டு ரெண்டு பிளேன்ரீ குடிச்சாரு. இந்த வயசில என்ன நடை, என்ன உசாரு, மாஷா அல்லாஹ்" என்றார். வேறு யாரையாவது மாறிச் சொல்கிறீர்களோ என்று கேட்டேன். "நீல ஜக்கெற், கச்சேரியில வேலை செஞ்சவரு. எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை எண்டு நான் கேக்காமலே சொன்னாரே" என்றார்.

அந்த நீல ஜக்கெற் போட்ட முதியவர்கள் ஸ்காபரோவில் நூறு பேராவது இருப்பார்கள். எல்லாம் ஒரே மலிவு விற்பனையில் வாங்கியது. அப்படித்தான் நானும் நினைத்தேன். மாசி மாதம் ஒருநாள் மத்தியானம் வேலை நேரத்தோடு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து ஒருவர் நடந்து போனார். நல்ல வெயில், தெளிவாகத் தெரிந்தது. அப்பாவின் முகம். ஆனால் கன்னம் நிரம்பியிருந்தது, தோள் நிமிர்ந்திருந்தது, உறைந்த நிலத்தில் வழுக்காமல் நடந்தார். நான் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் அப்பா எடுத்தார். "படுத்திருக்கிறன், பிள்ளை. ஏன்?" என்றார். மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே நடந்து போனவர் நின்று, பஸ்ஸைப் பார்த்து, தெரிந்தவரைக் கண்டதுபோலக் கையைக் காட்டினார். விளக்கு பச்சையானது. வீட்டுக்கு வந்தபோது பூட்ஸ் நனைந்திருந்தது. நான் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

இனிச் சொல்லப் போவதை நான் உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. பங்குனியில் ஒரு காலை, அப்பா வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, வியர்க்கிறது என்றார். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்காகப் பேசுகிறவள். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான். நீ பதில் சொல்லக்கூடாது, அவர் சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பல வருடங்கள் அந்த விதியை நான் ஒருதரம்கூட மீறியதில்லை.

தாதி கணினிக்கு முன்னால் இருந்து கேட்டாள். நீரிழிவு உண்டா? நான் திரும்பி, "அப்பா, சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றேன். மாதக்கணக்காக இல்லை, இல்லை என்று சொல்லிவந்த மனிதர். பாடத்தைச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். "ஓம் எண்டு சொல்லு, பிள்ளை. நெஞ்சுக்கயும் ஒருக்கா வந்தது எண்டு சொல்லு. கெதியாய்ச் சொல்லு."

நான் தாதியிடம் திரும்பி, "நோ" என்றேன்.

நெஞ்சு நோய் ஏதும் இருந்ததா என்று கேட்டாள். "நோ."

என் குரல் நடுங்கவில்லை. அது பயிற்சி பெற்ற குரல். ஓம் என்று எழுதினால் காப்புறுதி போய்விடும், பொய் பிடிபட்டுவிடும், எப்படியும் டொக்டர் பார்த்தால் தெரிந்துகொள்வார்தானே என்று ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டேன். தாதி எழுதியது என்னவென்றால், முன்நோய் எதுவும் இல்லாத ஒருவர், வயிற்று அசௌகரியம். அப்படி ஒருவரைக் கதிரையில் இருத்திவைப்பதில் தவறில்லை. காய்ச்சல்காரரும் கை முறிந்தவரும் எங்களுக்கு முன்னால் உள்ளே போனார்கள்.

"எல்லாம் சொன்னனியோ?" என்று அப்பா கேட்டார்.

"சொன்னன், அப்பா."

அவர் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, குறையாக இல்லாமல், ஒரு கோவையை வாசித்துச் சொல்வதுபோலச் சொன்னார். "இவையள் அவரைத்தான் பாக்கப் போகினம். அவருக்கு அவசரமில்லை."

மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் கதிரையிலிருந்து என் மடியில் சரிந்தார். ஓடி வந்தார்கள், எல்லாம் செய்தார்கள். பின்னேரம் ஓர் இளம் டொக்டர் வந்து என்னை ஒரு சின்ன அறையில் இருத்தி, சீனி உள்ளவர்களுக்கு மாரடைப்பு சிலவேளை வயிற்று நோவாகத்தான் வரும், தெரிந்திருந்தால் முதலில் எடுத்திருப்போம் என்று மெதுவாகச் சொன்னாள். நான் ஒன்றும் பேசாமல் இருந்ததால், உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அன்று நான் சொன்ன கடைசி நோ அதுதான்.

நீ வோட்டர்லூவிலிருந்து வந்து, அம்மப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை, திடீரென்று நடந்தது என்றேன். அது பொய், தம்பி. சொன்னார். தன்னைப் பற்றி உண்மையாக ஒரு வசனம் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். மரணச் சடங்குகளுக்குப் பிறகு அறையைத் துப்புரவு செய்தபோது அந்தப் பிஸ்கட் ரின்னைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தால், மார்கழிக்குப் பிறகு ஒரு குளிசையும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. படிவத்தில் 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்: இல்லை' என்று இருந்ததே.

நிறுவனம் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்து எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. ஒரு காசும் தரவில்லை. அது அவர்களுடைய உரிமை. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு வசனம் இருந்தது. தொழில் பழக்கத்தில் அதை உடனே மனதுக்குள் தமிழாக்கினேன். இந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படமாட்டாது. பல நாள் அதைப் பற்றி யோசித்தேன். தொடக்கமே இல்லாத ஒன்றுக்கு முடிவுத் திகதியும் இருக்காது. என் அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தேன். படிவத்தில் இருந்த மற்றவருக்கு எந்தக் கந்தோரில் எடுப்பது? வரதன் அண்ணையின் கந்தோரிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்பாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. கணினி அனுப்புகிறது, நிறுத்தத் தெரியவில்லை என்கிறார் அவர். நல்ல சுகத்தோடு இன்னொரு வருடம் என்று அதில் அச்சடித்திருக்கும். யாருக்கு வருகிறது என்று தெரியுமாதலால் நான் அதைக் கிழிப்பதில்லை.

போன மாரியில் நீ வந்தபோது, அந்தப் பூட்ஸை ஏன் இன்னும் வாசலில் வைத்திருக்கிறீர்கள், எறியுங்கோ அம்மா என்றாய். நான் வேறு கதை பேசினேன். அன்று நீ அதைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தால் காரணம் கேட்டிருக்க மாட்டாய். எறிந்தால் அவர் வெறுங்காலோடு போவார், தம்பி. அதையும் நானே செய்யக்கூடாது.

ஆகவே உன் மாமனாரின் விசயத்துக்கு வருகிறேன். விலையை முதலில் பார்க்காதே. இருக்கும் நோயையும் சேர்த்துக் காப்பு தருகிற பத்திரத்தைக் கேள். அதில் 'நிலையான நோய்' என்று ஒரு சொல் வரும். இத்தனை மாதம் மருந்தும் மாறாமல், புது வருத்தமும் வராமல் இருந்திருக்க வேண்டும் என்பது பொருள். எத்தனை மாதம் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். அந்தப் பக்கத்தை நீயே வாசி, முகவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதே. மாமனாரின் டொக்டரிடம் கடிதம் எடு. அவருடைய மருந்து அண்மையில் மாறியிருந்தால், அந்த மாதங்கள் கழியும்வரை ரிக்கெற்றைத் தள்ளிப் போடு. துளசி அழுவாள். அழட்டும், நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன், பத்தியக் கறி எனக்கும் வைக்கத் தெரியும். பிள்ளை யாருக்காகவும் பொறுத்திருக்காது, தன் நேரத்துக்குப் பிறக்கும். அவர் பிந்தி வந்தாலும் அவரே வரட்டும்.

எல்லாவற்றையும்விட, அவரோடு நேரே பேசு. "மாமா, உங்களுக்கு என்ன வருத்தம், முழுக்கச் சொல்லுங்கோ" என்று கேள். முதல் தரம் ஒன்றும் இல்லை என்பார். இரண்டாம் தரமும் அதையே சொல்வார். எங்கள் ஆட்கள் மூன்றாம் தரம்தான் உண்மை சொல்வார்கள். சொன்னால் அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது.

இந்தக் கடிதத்தை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை வெளிக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். இன்று செவ்வாய். நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. வருகிறவர் எனக்குப் பழக்கமானவர்தான். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதனால் அவர் எங்கேயும் போகப் போவதில்லை. ஆனால் உன் வீடு புது வீடு, பிள்ளை தவழப் போகிற வீடு.

நாலாம் கேள்விக்கு ஓம் என்று போடு, தம்பி. உன் வாசலில் மாமனாருக்கு ஒரு சோடி பூட்ஸ் போதும்.

அம்மா